கண் போன பிறகு பார்த்த சமையலறை

வீட்டுக்கு அடுப்பு வாங்குகிற காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் பாத்திரக்கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சீரியல் தோற்றுப்போகும்.

அப்படித்தான் நானும் பார்த்தேன். கணவன், மனைவி, காலேஜ் போகிற வயதில் ஒரு பையன். சேல்ஸ்மேன் முழுக்க முழுக்கக் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தார். “மூணு பர்னர் சார்... கிளாஸ் டாப் சார்... லைட்டரே வேணாம் சார்...” கணவர் விலையைக் கேட்டார். பையனுக்குக் கறுப்புக் கண்ணாடி பிடித்துவிட்டது. அந்த அம்மா மட்டும் பேசாமல் இரண்டு பர்னருக்கு நடுவே சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

“பெரிய குக்கரையும் தோசைக்கல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா இடிக்காதா?”

சேல்ஸ்மேன் கணவரைப் பார்த்தார். கணவர் சேல்ஸ்மேனைப் பார்த்தார். இரண்டு பேரிடமும் பதில் இல்லை!

அடுப்பின் சரித்திரமே ஏறக்குறைய இதுதான். செய்கிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் ஒருவர். எதிரே நின்று வேகிறவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் அபூர்வம். அப்படி ஒருவருக்கு, கேட்பதற்கு முன்னால் இரண்டு கண்களும் போக வேண்டியிருந்தது.

அவர் பெயர் குஸ்டாஃப் டாலேன். ஸ்வீடன்காரர். 1869-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது இன்ஜினீயரிங். அந்தக் காலத்துக் கலங்கரை விளக்கங்களுக்கு அசிட்டிலின் வாயு அருமையான எரிபொருள். பளிச்சென்று எரியும். ஆனால், கொஞ்சம் அழுத்தினாலோ அதிர்ந்தாலோ வெடிக்கும். டாலேன் அதைப் பத்திரமாகச் சிலிண்டரில் அடைக்க வழி செய்தார். கூடவே, 1907-ல் ‘சூரிய வால்வு’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். உள்ளே ஒரு கறுப்பு உலோகத் தண்டு. விடிந்ததும் வெளிச்சத்தில் சூடேறி நீளும், வாயுவை அடைத்துவிடும். இருட்டினால் சுருங்கும், வாயு திறந்துகொள்ளும். ஆளே இல்லாத பாறையிலும் விளக்கு தானாக எரிந்து தானாக அணைந்தது. எரிபொருளும் ஏகத்துக்கு மிச்சம்.

1912. டாலேனுக்கு இயற்பியல் நோபல் பரிசு. அதே வருடம், சிலிண்டர் சோதனை ஒன்றில் வெடி விபத்து. உயிர் பிழைத்தார். பார்வை பிழைக்கவில்லை. பரிசை வாங்கிக்கொள்ள மேடை ஏறியவர் அவருடைய அண்ணன். அண்ணனின் தொழில் என்ன தெரியுமா? கண் மருத்துவர்!

பார்வை போன மனிதர் வீட்டில் இருக்கிறார். அதுவரை தொழிற்சாலை, ஆராய்ச்சி என்று ஓடிக்கொண்டிருந்தவருக்கு இப்போது வீட்டின் சத்தங்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. கரி அள்ளிப் போடுகிற சத்தம். சாம்பல் வாருகிற சத்தம். அடுப்பு ஒரு நேரம் அதிகமாக எரியும், ஒரு நேரம் அணையப் பார்க்கும். கூடவே நின்று கவனிக்க வேண்டும். மனைவி எல்மா நாள் முழுக்க அதனோடு மல்லுக்கட்டுகிறார். டாலேன் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற இடம் இது. பத்து வருடமாக ஒரே வீட்டில் இருந்தும், கண் இருந்தவரை தெரியாத விஷயம் கண் போன பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு விடவில்லை. கலங்கரை விளக்கத்துக்குச் செலவழித்த மூளையை அடுப்புக்குச் செலவழித்தார். 1922-ல் புது அடுப்பு ரெடி. கம்பெனியின் பெயர்தான் அதற்கும். ‘ஆகா’! (நிஜமாகவே அதுதான் பெயர்.)

உள்ளே சின்னதாக ஒரு நெருப்பு, அணையாமல் எரியும். அந்தச் சூட்டைக் கனமான இரும்பு வாங்கிச் சேமித்துக்கொள்ளும். வெப்பம் வெளியே போகாமல் சுற்றிலும் காப்பு. மேலே இரண்டு தட்டு. ஒன்று கொதிக்க வைக்க, ஒன்று மெதுவாக வேக வைக்க. தேவையில்லாதபோது கனமான மூடியைப் போட்டுவிட்டால் சூடு உள்ளேயே இருக்கும். கீழே அவன்கள். நெருப்பைக் கூட்டிக் குறைக்கிற வேலையை அடுப்பே பார்த்துக்கொள்ளும். அவ்வப்போது கரி போட்டால் போதும். கூடவே நின்று காவல் காக்கிற வேலை மிச்சம்.

இங்கிலாந்தில் ‘ஆகா’ பெரிய ஹிட். அதை வீடு வீடாக விற்ற இளைஞர் டேவிட் ஒகில்வி. பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த விளம்பரச் சக்கரவர்த்தி. 1935-ல் அவர் ‘ஆகா’வை எப்படி விற்பது என்று மற்ற விற்பனையாளர்களுக்காக எழுதிய கையேடு இன்றைக்கும் விற்பனைக்காரர்களின் பாடப்புத்தகம். ஒரு வேடிக்கை. மனைவியின் களைப்பிலிருந்து பிறந்த அடுப்பு, போகப் போகப் பணக்காரர்களின் பங்களா அடையாளமாகிவிட்டது. டாலேன் கண் தெரியாமலே கம்பெனியை நடத்தி, 1937-ல் காலமானார்.

இப்போது நம் ஊர்ப் பக்கம். விறகுப் புகையைக் குறைக்க மத்திய அரசு 1983-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மேம்படுத்தப்பட்ட அடுப்பு. 2002 வரைக்கும் மூன்று கோடிக்கு மேல் கொடுத்தார்கள். கணக்கில் பிரமாதம். நிஜத்தில், ஏராளமான அடுப்புகள் கொஞ்ச காலத்திலேயே மூலைக்குப் போயின. சில வீட்டுப் பாத்திரம் அதில் உட்காரவில்லை. சில இடத்தில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது, சரிசெய்ய ஆளில்லை. கொடுத்தவர்கள் எண்ணினார்கள்... கேட்கவில்லை.

பிறகு கேஸ். 2006 தேர்தலில் தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு வாக்குறுதியே ஆனது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பே வீட்டுப் பெண்ணின் பெயரில்தான். பத்து கோடியைத் தாண்டிய இணைப்புகள். பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால், சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததை வாங்கப் பணம் வேண்டுமே? பல வீடுகளில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே விறகடுப்பும் இன்னும் புகைகிறது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். அடுப்பின் விலை ஒருநாள் செலவு. அது குடிக்கிற கேஸ் பல வருடச் செலவு. ஐஎஸ்ஐ முத்திரை வாங்க வேண்டுமென்றால் கேஸ் அடுப்பின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவிகிதம் பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதாவது 100 ரூபாய் கேஸில் 68 ரூபாய்க்காவது சாப்பாடு. முத்திரை இல்லாத மலிவு அடுப்பில் அந்த உத்தரவாதம் கிடையாது. இது இரண்டாவது கணக்கு. நாம் வழக்கமாகப் போடுவது முதல் கணக்கை மட்டும்தான்.

மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அது எந்த பில்லிலும் வராது. அடுப்பின் முன்னால் நிற்கிற நேரம், நெஞ்சுக்குள் போகிற புகை, முதுகுவலி. இந்தக் கணக்கு ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

அதனால் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது வீட்டில் சமைக்கிறவரை முன்னால் நிற்க விடுங்கள். அது நீங்களே என்றால் ரொம்ப நல்லது. பெரிய குக்கரும் தோசைக்கல்லும் எத்தனை அகலம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மேடை உயரத்தோடு அடுப்பின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். புகை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். விலையை அப்புறம் கேட்கலாம்.

அந்தப் பாத்திரக்கடையில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கறுப்புக் கண்ணாடி மூணு பர்னருக்கு பில் போட்டார்கள். அந்த அம்மா சாணை மடக்கிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டார்.

குக்கர் இடித்திருக்கும்.