தோலுக்கு நோகாத குண்டு

என் தம்பி மகன் கனடாவிலிருந்து வந்திருந்தபோது அவனோடு ஒரு குளிர்ச் சட்டையும் வந்து சேர்ந்தது. சென்னை வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்த்தது. அதன் தலைமூடியைச் சுற்றிச் சாம்பலும் பழுப்பும் கலந்த ரோமத்தைத் தடிமனாக வைத்துத் தைத்திருந்தார்கள். தடவிப் பார்த்தேன். மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சு. உள்துணி ஓரிடத்தில் பிரிந்திருந்தது. புரட்டியபோது தோலின் அடிப்பக்கத்தில் கால் அங்குல நீளத்துக்கு ஓர் ஒட்டுத் தையல் தட்டுப்பட்டது.

"இது என்னடா?" என்றேன்.

"நரி மாதிரி ஒண்ணு, பெரியப்பா. கயோட்டின்னு பேரு."

"அதைக் கேக்கலை. இந்தத் தையல் என்ன?"

"சுட்ட இடமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் காபி குடிக்கப் போய்விட்டான். எனக்கு அந்தத் தையலை விட்டுப் போக மனம் வரவில்லை.

நான் துப்பாக்கி பிடித்தவன் அல்ல. காக்காயை விரட்டக்கூடக் கல்லெடுத்தவன் அல்ல. ஆனால் ரோமத்துக்காக ஒரு பிராணியைச் சுடுகிறவனுக்கு ஏற்படும் தர்மசங்கடம் எனக்குப் புரிந்தது. அவன் கொல்லவும் வேண்டும், கிழிக்கவும் கூடாது. இறைச்சிக்கு வேட்டையாடுகிறவனுக்கு இந்தக் கவலை பாதிதான். பயிரைக் காக்கச் சுடுகிறவனுக்குக் கவலையே இல்லை. தோலை விற்கிறவனுக்கோ ஓட்டையின் அளவுதான் வரவு செலவுக் கணக்கு. இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்க அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் மனிதர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள்.

கயோட்டி நரியும் அல்ல, ஓநாயும் அல்ல. இரண்டுக்கும் நடுவே நிற்பது. எடை இருபது ராத்தலிலிருந்து நாற்பத்தைந்து ராத்தல் வரை. பெயர் மெக்சிகோவின் பழங்குடிகள் பேசும் நாவாட்ல் மொழியிலிருந்து வந்தது. 1823இல் தாமஸ் ஸே என்ற இயற்கை நூலார் அதற்கு லத்தீனில் 'குரைக்கும் நாய்' என்று பொருள்படப் பெயரிட்டார். குளிர்காலம் பிறந்ததும் அதன் தோல் முற்றுகிறது. அப்போது உரித்தால் உட்புறம் வெண்ணெய் நிறமாக இருக்கும். பருவம் தப்பி உரித்தால் நீலம் பாரித்திருக்கும். வியாபாரி முதலில் பார்ப்பது அந்த நிறத்தை, அடுத்தபடி ஓட்டையை.

ஓட்டையே விழாத ஓர் உபாயம் முதலில் கிடைத்தது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதன் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. எட்டி பழுத்தாலும் ஒருவருக்கும் உதவாது என்று நாம் ஒதுக்கி வைத்த மரம் உண்டல்லவா? அந்த ஜாதிக் கொட்டைகளிலிருந்து ஸ்டிரிக்னைன் என்ற விஷத்தை 1818இல் பாரிஸ் நகரத்தில் பெல்லெத்தியே, காவந்து என்ற இரண்டு ரசாயனிகள் பிரித்தெடுத்தார்கள். (இரண்டு வருஷம் கழித்து இதே இரண்டு பேர்தான் கொய்னாவையும் பிரித்து மலேரியாவுக்கு மருந்து தந்தார்கள். புண்ணியக் கணக்கை எப்படி எழுதுவதோ!) எட்டிக்கொட்டை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறியது. அதிலிருந்து எடுத்த வெள்ளைத் தூள், அமெரிக்கச் சமவெளியில் 'ஓநாய்க்காரர்கள்' என்று பெயர் வாங்கிய ஒரு கூட்டத்தாரின் கையில் போய்ச் சேர்ந்தது.

1860களிலும் 1870களிலும் அவர்கள் செய்த வேலை மிகவும் சுலபமானது. பனிக்காலத்தில் ஒரு காட்டெருமையைச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் மாமிசத்தில் இந்தத் தூளைத் தடவிவிடுவார்கள். விடிந்து வந்து பார்த்தால் சுற்றிலும் ஓநாய்களும் கயோட்டிகளும் வில்லாய் வளைந்து விறைத்துக் கிடக்கும். தோலில் ஒரு கீறல் இராது. கூடவே காக்கைகளும், பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வந்த செவ்விந்தியர்களின் நாய்களும் கிடக்கும். இந்த நாய்களால் பகை மூண்டது. ஓநாய்க்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி போதும். 1873 ஜூன் 1இல் கனடாவின் சைப்ரஸ் குன்றுகளில் அசினிபாயின் மக்களின் கூடாரங்களைச் சுட்டுச் சூறையாடியவர்களில் இவர்கள் இருந்தார்கள். தோல் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள். வேறு எதைப் பற்றியும் அவர்களுக்குக் கவலை இருந்ததில்லை.

துப்பாக்கியின் கதை வேறு விதம். 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட '45-70' தோட்டாவின் ஈயக் குண்டு 405 கிரெயின் எடை. கிரெயின் என்பது ஏதோ பெரிய அளவு என்று எண்ண வேண்டாம். நம் தட்டான் தராசில் வைக்கும் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின். ஆகவே அந்தக் குண்டு இருநூறு குன்றிமணி எடை. கிட்டத்தட்ட அரை அங்குலப் பருமன். அது மெதுவாகப் போய் நரியளவுப் பிராணியை ஊடுருவி மறுபக்கம் வெளியேறும். காட்டெருமைக்குப் பொருத்தம், கயோட்டிக்கு, எலியை அடிக்க உலக்கை எடுத்த கதை.

1884இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைச் செய்தபின் குண்டின் வேகம் ஏறியது. வேகம் ஏறினால் வெறும் ஈயம் குழலுக்குள் தாங்காது என்று அதற்குச் செம்புச் சட்டை போட்டார்கள். முழுச்சட்டை போட்ட குண்டு ஊசி போல உள்ளே போய் ஊசி போலவே வெளியே வந்துவிடும். தோலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. வடமேற்கு எல்லைப்புறப் போர்களில், இந்தக் குண்டு பட்டும் எதிரிகள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று ஆங்கிலப் படையினர் முறையிட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில் காப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் குண்டின் மூக்கில் சட்டையைத் திறந்து விட்டார். உடம்புக்குள் போனதும் ஈயம் காளான் போல விரிந்தது. காயம் கோரமாக இருந்ததால் 1899இல் ஹேக் மாநாடு அதைப் போரில் கூடாது என்று தடுத்தது. ஆனால் மானை வேட்டையாடுவதற்கு விரியும் குண்டுதான் வேண்டும் என்று இங்கிலாந்தின் 1991ஆம் வருஷத்துச் சட்டம் கட்டளையிடுகிறது! முரண்பாடு போலத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது. விரியாத குண்டு பட்ட மிருகம் உடனே சாவதில்லை. ஊசித்துளையோடு இரண்டு மைல் ஓடி ஏதாவது ஒரு புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். தோல் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் அது காக்கைக்கும் கழுகுக்கும்தான்.

விரியும் குண்டோ உள்ளே கொன்றுவிட்டு, வெளியேறும் பக்கத்தில் கைமுஷ்டி அளவுக்கு வாசல் வைத்துவிடும். முழுச்சட்டையும் உதவாது, திறந்த மூக்கும் உதவாது என்றால் என்ன செய்வது?

விடை சிறு குழலில் கிடைத்தது. யாரும் அதைத் திட்டமிட்டுத் தேடினார்கள் என்று சொல்ல முடியாது. 1930இல் வின்செஸ்டர் கம்பெனி '22 ஹார்னெட்' தோட்டாவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. குண்டு 45 கிரெயின். நூற்றைம்பது கெஜத்துக்குள் அது நாணயமாக வேலை செய்தது. 1935இல் அதே கம்பெனி '220 ஸ்விஃப்ட்' என்று ஒன்றை வெளியிட்டது. 48 கிரெயின் குண்டு, விநாடிக்கு 4,110 அடி. அந்த வேகத்தைக் கேட்டு ஊரே வாய் பிளந்தது. தூரத்தில் நிற்கும் கயோட்டிக்கு அது எமன்தான். ஆனால் கிட்டத்தில், அதுவும் தோளெலும்பில் பட்டால், ரோமத்தோல் வியாபாரி கையை விரித்துவிடுவான். 1950இல் ரெமிங்டன் '222'ஐக் கொண்டு வந்தது. வேகம் மிதம், குறி துல்லியம்; பலர் இதிலேயே திருப்தி அடைந்தார்கள். 1965இல் வந்த '22-250', முப்பது வருஷமாகத் துப்பாக்கிப் பைத்தியங்கள் சொந்தப் பட்டறைகளில் செய்துகொண்டிருந்த தோட்டாவுக்கு அதே ரெமிங்டன் கம்பெனி சூட்டிய பட்டாபிஷேகம்.

தோலுக்கென்றே பிறந்தது போல அமைந்தது, 1971இல் அவர்கள் வெளியிட்ட '17 ரெமிங்டன்'. குழல்வாய் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். குண்டு 25 கிரெயின். பன்னிரண்டு பதின்மூன்று குன்றிமணி. வேகமோ விநாடிக்கு 4,000 அடிக்கு மேல். ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழலின் புரி அதைச் சுழற்றிவிடுவதால் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலுகிறது. சட்டை மிக மெல்லியது. விலாவெலும்புகளுக்கு நடுவே ஒரு மிளகு அளவுத் துளை போட்டு நுழைந்ததும் அந்தச் சுழற்சியும் வேகமும் தாங்காமல் உள்ளேயே பொடிப் பொடியாகிவிடும். வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே போன துளையும் ரோமத்துக்குள் மறைந்துவிடும். பிராணி நின்ற இடத்தில் விழும். தோலுக்கு நோகாத குண்டே பிராணியையும் அதிகம் நோகவிடாத குண்டாக அமைந்தது அபூர்வமான பொருத்தம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பொருத்தம் என்றேனே தவிர, அதற்கு நிபந்தனைகள் உண்டு. பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, விலாவில் பட வேண்டும். தோளெலும்பில் பட்டால் அதே குண்டு மேலேயே சிதறித் தட்டளவு தோலைப் பிய்த்துவிடும். உள்ளே போகாததால் பிராணியும் சாகாது. காற்றடித்தால் இந்த இலேசான குண்டு பட்டம் போல ஒதுங்கும். முந்நூறு கெஜத்துக்கு அப்பால் வேகம் குறைந்துவிடுவதால் பொடியாகும் குணமும் குறைகிறது. ஆகவே தோலை நம்பி வாழ்ந்தவன், அடிபட்ட முயல் போலக் குழல் ஊதிக் கயோட்டியை நூறு கெஜத்துக்குள் வரவழைத்து, அது திரும்பி நிற்கும்வரை விரலை மடக்காமல் உட்கார்ந்திருந்தான். ஓடுகிற கயோட்டியைச் சுடமாட்டான். இத்தனை பொறுமையும் ஜீவகாருண்யத்தினால் வந்ததல்ல. ஒவ்வொரு அவசரமும் சந்தையில் ரூபாய் அணா கணக்காகக் குறைந்ததனால் வந்தது. இதை எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. ஆயினும் உண்மை அதுதான்.

அரசாங்கத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆட்டுமந்தைகளைக் காக்க அது கயோட்டிகளை லட்சக்கணக்கில் விஷம் வைத்துக் கொன்றது. 1972இல் ஜனாதிபதி நிக்ஸன் மத்திய அரசின் நிலங்களில் அந்த விஷங்களை நிறுத்தினார். கயோட்டியோ ஒழியவில்லை. சமவெளியை விட்டுப் புறப்பட்டு நியூயார்க் நகரத்துப் பூங்கா வரை வந்துவிட்டது. 1970களில் நீண்ட ரோமத்துக்கு மோகம் வந்து தோல் விலை ஏறியது. 1980களின் கடைசியில் சரிந்தது. குளிர்ச் சட்டைத் தலைமூடிகளால் மறுபடி தலைதூக்கியது. பிறகு, அந்தச் சட்டைகளுக்குப் பேர்போன கனடா கூஸ் கம்பெனியே ரோமத்தை விட்டுவிடுவதாக 2021இல் அறிவித்து, 2022இன் முடிவோடு அதைத் தைப்பதை நிறுத்திவிட்டது.

தோல் விலை போகாத இடத்திலும் துப்பாக்கி ஓயவில்லை. ஆனால் எந்தக் குண்டு, எந்தப் பக்கம், எத்தனை கெஜம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அங்கே ஒருவனுக்கும் அவசியமில்லை. பாய்ந்து ஓடும்போதே சுடலாம். எவ்வளவு பெரிய தோட்டாவாலும் சுடலாம். விழுந்ததை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டும் போகலாம்.

சட்டையை மடித்து வைக்குமுன் அந்தத் தையலை மறுபடி பார்த்தேன். கால் அங்குலம். பதினேழாம் நம்பர்த் துளைக்கு இத்தனை நீளத் தையல் வேண்டியிராது. இருபத்திரண்டாக இருக்கலாம். அல்லது துப்பாக்கியே இல்லாமல் இரும்புப் பொறியில் அகப்பட்டதாகவும் இருக்கலாம். சந்தைக்கு வரும் தோல்களில் பொறியில் சிக்கியவையும் ஏராளம். உரித்தவன் உட்பக்கத்திலிருந்து நெருக்கமாக, மயிர் நூலில் மாட்டாமல் தைத்திருந்தான். வெளியே திருப்பி ரோமத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். இடம் தெரியவில்லை.