அகச்சிவப்பு வெப்பமானி

அகச்சிவப்பு வெப்பமானி என்பது ஒரு பொருளைத் தொடாமலேயே, அதன் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்வீச்சை அளந்து, அதிலிருந்து அப்பரப்பின் வெப்பநிலையைக் கணித்துக் காட்டும் கருவி ஆகும். இது தொடா வெப்பமானி, கதிர்வீச்சு வெப்பமானி எனவும் அழைக்கப்படுகிறது. கையில் பிடித்துப் பயன்படுத்தும் வகை பெரும்பாலும் கைத்துப்பாக்கி வடிவில் இருக்கும். சுழலும் எந்திர உறுப்புகள், மின்னோட்டம் பாயும் இணைப்புகள், சூடான அடுப்புகள் முதலியவற்றை எட்ட நின்றே அளக்க இது உதவுகிறது. எனினும் இக்கருவி காட்டும் எண், பரப்பின் தன்மை, அளக்கும் தொலைவு, சுற்றுப்புறம் ஆகியவற்றைச் சார்ந்தது. இவற்றைக் கருத்திற் கொள்ளாவிடில் அளவீடு பெரிதும் பிழைபடக்கூடும்.

வரலாறு

1800இல் வானியலாளர் வில்லியம் எர்செல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறப்பகுதியிலும் வெப்பமானியை வைத்து ஆராய்ந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளி ஏதும் தென்படாத இடத்தில் வெப்பநிலை மேலும் உயர்ந்ததைக் கண்டார். இதுவே அகச்சிவப்புக் கதிர்களின் கண்டுபிடிப்பாகும். 1830களில் இத்தாலிய இயற்பியலாளர் மாசிடோனியோ மெல்லோனி வெப்பமின்னடுக்கைக் கொண்டு இக்கதிர்களை ஆராய்ந்தார். இன்றைய கைக்கருவிகள் பலவற்றிலும் உணரியாக அமைந்திருப்பது அதே தத்துவத்தில் இயங்கும் நுண்ணிய வெப்பமின்னடுக்கே ஆகும்.

பொருள் வெளியிடும் கதிர்வீச்சு அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருப்பதை 1879இல் யோசப் ஸ்டெபான் கண்டறிந்தார். 1884இல் லுட்விக் போல்ட்ஸ்மன் அதனைக் கோட்பாட்டு அடிப்படையில் நிறுவினார். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் வெளிப்படும் என்பதை விளக்கும் விதியை 1900இல் மாக்ஸ் பிளாங்க் வெளியிட்டார்.

செயற்படும் முறை

தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலுள்ள எல்லாப் பொருள்களும் மின்காந்தக் கதிர்களை உமிழ்கின்றன. அறை வெப்பநிலையில் உள்ள பொருள் (ஏறத்தாழ 300 கெல்வின்) உமிழும் கதிர்கள் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் அடைகின்றன. எனவே பொதுப் பயன்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிர்களையே அளக்கின்றன. இப்பட்டையை வளிமண்டலம் மிகக் குறைவாகவே உட்கவர்வது மற்றொரு வசதி.

கருவியின் முன்புள்ள வில்லை கதிர்களை உணரியின் மீது குவிக்கிறது. உணரி சூடேறி ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. உணரியின் சொந்த வெப்பநிலையைத் தனியே அளந்து, அதற்கான திருத்தத்தைச் செய்தபின், கணிப்பகுதி விடையைத் திரையில் காட்டுகிறது. இவை யாவும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் நிகழ்கின்றன.

துப்பாக்கி வடிவக் கருவிகளிலிருந்து வெளிப்படும் சிவப்பு லேசர் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டுமே உதவுகிறது. வெப்பநிலையை அளப்பதில் அதற்குப் பங்கில்லை.

உமிழ்திறன்

ஒரே வெப்பநிலையில் உள்ள இரு பரப்புகள் ஒரே அளவில் கதிர்களை உமிழ்வதில்லை. ஓர் இலட்சியக் கரும்பொருளுடன் ஒப்பிடுகையில் ஒரு பரப்பு உமிழும் கதிர்வீச்சின் விகிதம் அதன் உமிழ்திறன் எனப்படும். இது 0 முதல் 1 வரை அமையும். அகச்சிவப்புக் கதிர்கள் ஊடுருவாத பொருளில் உமிழ்திறனும் பிரதிபலிப்புத் திறனும் சேர்ந்து 1 ஆகும். ஆகவே குறைவாக உமிழும் பரப்பு, தன்னைச் சூழ்ந்துள்ள பொருள்களின் கதிர்களை மிகுதியாகப் பிரதிபலிக்கிறது.

சில பரப்புகளின் தோராயமான உமிழ்திறன்:

- மனிதத் தோல்: 0.98
- நீர்: 0.96
- பளபளப்பற்ற வண்ணப்பூச்சு: 0.90 – 0.95
- கறுப்பு மின்காப்பு நாடா: 0.95
- துருவேறிய அல்லது ஆக்சிசனேற்றம் அடைந்த எஃகு: 0.7 – 0.9
- மெருகூட்டிய அலுமினியம்: 0.04 – 0.1
- மெருகூட்டிய செம்பு: 0.02 – 0.05

விலை குறைந்த கருவிகளில் உமிழ்திறன் 0.95 என நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். விலை கூடியவற்றில் அதனை மாற்றிக்கொள்ளலாம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். உமிழ்திறன் 0.1 கொண்ட பளபளப்பான அலுமினியப் பாத்திரம் 100 °செ வெப்பத்தில் உள்ளது. அறையின் வெப்பநிலை 30 °செ எனக் கொள்வோம். 0.95 என அமைக்கப்பட்ட கருவி அப்பாத்திரத்தின் வெப்பநிலையை ஏறத்தாழ 40 °செ என்றே காட்டும். உணரியை அடையும் கதிர்களில் பெரும்பகுதி அறையின் சுவர்களிலிருந்து வந்து பாத்திரத்தில் பட்டுத் திரும்பியவை என்பதே காரணம். இந்த எண்ணை நம்பிப் பாத்திரத்தைத் தொடுபவரின் கை சுட்டுவிடும்.

தொலைவு – புள்ளி விகிதம்

கருவி ஒரு புள்ளியை மட்டும் அளப்பதில்லை. ஒரு வட்டப் பரப்பின் சராசரியையே அளக்கிறது. தொலைவு கூடக்கூட இவ்வட்டமும் பெரிதாகிறது. 12:1 விகிதம் கொண்ட கருவி 120 செ.மீ தொலைவில் 10 செ.மீ விட்டமுள்ள வட்டத்தை அளக்கும். இலக்கு அதைவிடச் சிறியதாயின் பின்னணியின் வெப்பநிலையும் கலந்துவிடும். இலக்கு வட்டத்தைப் போல இரு மடங்கேனும் இருப்பது நன்று. லேசர் வில்லைக்குச் சற்று மேலே அல்லது பக்கத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், மிக அருகில் அளக்கும்போது லேசர் புள்ளி விழும் இடமும் அளக்கப்படும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

பயன்படுத்தும் முறை

1. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கருவியைச் சுமார் 20 நிமிடங்கள் அவ்விடத்திலேயே வைத்திருந்து, பின்னர் அளக்க வேண்டும்.
2. வில்லையில் தூசியும் ஈரமும் இல்லாதிருத்தல் வேண்டும்.
3. பரப்புக்கு ஏற்ற உமிழ்திறனைத் தெரிவு செய்ய வேண்டும்.
4. அளக்கும் வட்டம் இலக்கினுள் அடங்குமளவு நெருங்கி, இயன்றவரை நேர்குத்தாகக் குறி பார்க்க வேண்டும்.
5. சூடான இடத்தைத் தேடும்போது பரப்பின் மீது மெல்ல நகர்த்தி, உச்ச அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பளபளப்பான உலோகத்தை அளப்பதற்கு, அதன் மீது கறுப்பு மின்காப்பு நாடாவை ஒட்டியோ பளபளப்பற்ற வண்ணம் பூசியோ அவ்விடத்தை அளக்கலாம். நாடா தாங்கும் வெப்பநிலைக்கு மேல் இம்முறை பொருந்தாது. வெப்பமின்னிரட்டை போன்ற தொடு வெப்பமானியால் ஒரு முறை அளந்து, இரு கருவிகளின் அளவும் ஒத்துவரும்வரை உமிழ்திறனை மாற்றியமைப்பது மற்றொரு முறை.

பிழைக்கான பிற காரணங்கள்

- நீராவி, புகை, தூசி ஆகியவை இடையில் வரும் கதிர்களைத் தடுக்கின்றன.
- சாளரக் கண்ணாடி இப்பட்டைக் கதிர்களை ஊடுருவ விடாது. எனவே கண்ணாடிக்கு அப்பாலுள்ள பொருளை அளக்க முயன்றால் கண்ணாடியின் வெப்பநிலையே கிடைக்கும்.
- அருகிலுள்ள உலை, வெயில் முதலியவை பரப்பில் பட்டுத் தெறித்து அளவை உயர்த்தக்கூடும்.
- மேற்பரப்பு மட்டுமே அளக்கப்படுகிறது. இறைச்சி உள்ளே வெந்துள்ளதா என்பதை அறியக் குத்து வெப்பமானி தேவை.

பயன்கள்

மின்பராமரிப்பில் இக்கருவி பெரிதும் பயன்படுகிறது. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடுவதால் அவ்விடம் சூடேறுகிறது. கவனிக்காது விட்டால் தீப்பற்றவும் வாய்ப்புண்டு. ஒரே அளவு மின்சுமை கொண்ட மூன்று ஃபேஸ் இணைப்புகளை ஒப்பிட்டு, ஒன்று மட்டும் சூடாக உள்ளதா எனப் பார்ப்பது வழக்கம். பளபளப்பான செப்புப் பட்டை பொய்யான தாழ்ந்த அளவைக் காட்டும் என்பதால், அதையொட்டிய கம்பியின் காப்புறையை அளப்பது நம்பகமானது. மின்னோட்டம் உள்ள கடத்தியில் நாடா ஒட்டுதல் கூடாது. வாகன நிறுத்துகருவிகள், குளிரூட்டிக் காற்றுவாய்கள், சாலையிடும் தார்க்கலவை, வார்ப்பாலைகள், சமையல் கற்கள் ஆகியவற்றை அளக்கவும் இது பயன்படுகிறது.

மருத்துவப் பயன்பாடு

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோதும், 2020 முதல் கோவிட்-19 பெருந்தொற்றின்போதும் நெற்றி வெப்பமானிகள் பரவலாகப் பயன்படுத்தப்பட்டன. இவை தோலின் வெப்பநிலையை அளந்து, அதிலிருந்து உடலின் உள்வெப்பநிலையை மதிப்பிடுகின்றன. தொழிற்துறைக் கருவி இத்தகைய திருத்தத்தைச் செய்வதில்லை. அதன் துல்லியமும் காய்ச்சலைக் கண்டறியப் போதாது. வியர்வை, குளிர்காற்று, வெயிலில் நடந்து வந்தமை ஆகியன நெற்றியின் வெப்பநிலையை மாற்றுவதால், மருத்துவக் கருவியின் அளவும் முதற்கட்டச் சோதனைக்கே உரியது.

பாதுகாப்பு

இக்கருவி மூளைக்கோ கண்ணுக்கோ கதிர்களைச் செலுத்துகிறது என்னும் வதந்தி 2020இல் பரவியது. உண்மையில் உணரி கதிர்களைப் பெறுகிறதேயன்றிச் செலுத்துவதில்லை. ஆனால் குறி பார்க்கும் லேசர் கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். எனவே அதனை மனிதர் முகத்தை நோக்கியோ பளபளப்பான பரப்பை நோக்கியோ பிடித்தல் ஆகாது.

இவற்றையும் பார்க்க

- அகச்சிவப்புக் கதிர்
- கரும்பொருள்
- ஸ்டெபான்-போல்ட்ஸ்மன் விதி
- வெப்பமின்னிரட்டை