பூனை என்பது சின்ன நாய் அல்ல

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கால்நடை வைத்தியம் என்றாலே மாடுதான் நினைவுக்கு வரும். 1903-ல் சென்னையில் கால்நடைக் கல்லூரி தொடங்கிய காலத்திலும் குதிரைக்கும் மாட்டுக்கும்தான் மவுசு. பூனைக்குச் சீக்கு வந்தால்? மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கி, "சின்ன உசுருதானே" என்று பாதியாக உடைத்துக் கொடுப்பார்கள். இந்தக் கணக்கு ஏன் தப்பு என்பதற்கு ஆன்டிபயாடிக் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1940 மே 25-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி குழு 8 எலிகளுக்குக் கிருமியை ஏற்றி, 4 எலிகளுக்கு மட்டும் பெனிசிலின் போட்டது. மறுநாள் அந்த நாலும்தான் உயிரோடு இருந்தன. ஆனால் 1943-ல் அதே பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்வது தெரியவந்தது. முதல் சோதனையைக் கினிப்பன்றியில் செய்திருந்தால் கதையே மாறியிருக்கும். எடை மட்டுமல்ல, இனமும் முக்கியம்.

பூனை விஷயத்தில் இந்தப் பாடம் தாமதமாகத்தான் வந்தது. 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் என்ரோஃப்ளாக்சசினை நாய், பூனை இரண்டுக்கும் கிலோவுக்கு 20 மி.கி. வரை தரலாம் என்றார்கள். நாய்கள் தாங்கின. சில பூனைகளுக்குப் பார்வையே போய்விட்டது. பிறகு பூனைக்கு உச்சவரம்பு 5 மி.கி. ஆனது. விழித்திரையிலிருந்து மருந்தை வெளியே தள்ளும் ஏபிசிஜி2 என்ற புரதம் பூனைகளில் சரியாக வேலை செய்யாததே இதற்குக் காரணம் என்று 2011-ல் விளக்கம் கிடைத்தது. நாய்க்கு எழுதிய ப்ரோகிராமைப் பூனையில் ஓட்டிய கதைதான்.

இன்னொன்று டாக்சிசைக்ளின். இது தொண்டைக்குழாயில் சிக்கினால் புண்ணாகி, குழாயே சுருங்கிவிடும். 2001-ல் 30 பூனைகளை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். வெறும் மாத்திரை 5 நிமிடம் கழித்தும் பல பூனைகளில் இறங்கவில்லை. கூடவே 6 மி.லி. தண்ணீர் கொடுத்தபோது பெரும்பாலும் அரை நிமிடத்தில் வயிற்றுக்குப் போய்விட்டது.

ஆகவே நம் வீட்டுக்கு:
- பூனையை எடை போட்டு டாக்டரே டோஸ் சொல்லட்டும். மனுஷ மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.
- மாத்திரைக்குப் பின் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரைக் கன்னத்தோரமாக மெதுவாகவோ, கொஞ்சம் ஈர உணவாகவோ கொடுங்கள்.
- தேறிவிட்டது என்று நாமாகப் பாதியில் நிறுத்தக்கூடாது. வாந்தி, சாப்பிடாமை, கண்மணி விரிந்தே இருப்பது, எதிலாவது முட்டிக்கொள்வது தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இப்போது தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டை மட்டுமல்ல, பூனையையும் தூக்கிக்கொண்டு போகலாம்.