கொடும்பை வழியும் மூலிகை மரபும்

கொடும்பாளூர் என்றதும் மூவர் கோயிலும் இருக்குவேளிரும் பூதி விக்கிரமகேசரியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அக்கற்றளிகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வூரை வழிகாட்டும் ஊராகச் சிலப்பதிகாரம் பதிவு செய்துள்ளது. மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம், கொடும்பை நெடுங்குளத்தருகே பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான் மாங்காட்டு மறையோன். வலப்பக்க வழியிற் சென்றால் தோன்றும் சிறுமலையை அவன் அடையாளம் கூறும்போது, மஞ்சளும் கவலைக் கொடியும் வாழையும் பலாவும் வரிசையாக வருகின்றன. செடிகொடிகளைப் பெயர் சொல்லி அறிந்தோர்க்கே அவ்வடையாளம் பயன்படும். அவ்வறிவே நம் மூலிகை மருத்துவத்தின் அடித்தளம்.

அறிவு மக்களிடம் இருந்தது; அதனை அறநிலையமாக்கியது சோழர் காலம். வீரராசேந்திரன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிக்கிறது. மருத்துவரும் அறுவை மருத்துவரும் செவிலியரும் அங்கே பணியாற்றினர். சேமிப்பிலிருந்த தைலங்களும் நெய்களும் பெயர் பெயராகக் கல்லில் பொறிக்கப்பட்டன. இவற்றினும் கருதத்தக்கது வேறொன்று: மூலிகை கொண்டுவந்து மருந்து செய்ய இருவர் அமர்த்தப்பட்டு, அவர்களுக்கும் நெல்லும் காசும் ஊதியமாக வகுக்கப்பட்டன. மருந்தின் தொடக்கம் வைத்தியன் கையிலன்று, பறிப்பவன் கண்ணில் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மேலை மருத்துவம் அரசின் துணை பெற்றது. நாட்டு மருத்துவம் பின்தங்கியது. சென்னை அரசு 1921இல் உஸ்மான் குழுவை அமைத்த பின்னரே அது மீண்டும் கவனம் பெற்றது. பாளையங்கோட்டையில் 1964இல் சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் எழுந்தன. டெங்குக் காய்ச்சல் பரவிய 2012இல் ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரும், பெருந்தொற்றுக் கண்ட 2020இல் கபசுரக் குடிநீரும் தமிழகமெங்கும் வழங்கப்பட்டன. சீன மூலிகையிலிருந்து மலேரியா மருந்து கண்ட து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றதும் உலகின் நோக்கை இத்திசை திருப்பியது. அவர் வழி பழைய நூலைப் போற்றுவதோடு நிற்கவில்லை. அதனைச் சோதித்தும் பார்த்தது. நம் மருத்துவத்துக்கும் அச்சோதனை வேண்டும். புகழுரை மட்டும் நோய் தீர்க்காது.

நாட்டம் பெருகுவது நன்றே. ஆயினும் வேருக்காகப் பிடுங்கப்படும் செடி மறுபடி தழைப்பதில்லை. பொடியாகவும் சூரணமாகவும் வாங்குவோர்க்குச் செடியின் முகம் தெரிவதில்லை. பறித்தவர் பெயரும் தெரிவதில்லை. திருமுக்கூடல் கல்லில் இடம்பெற்ற அவ்விருவரின் வழித்தோன்றல்களுக்கு இன்றைய கணக்கேடுகளில் இடம் எங்கே?

இவ்வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. சித்தர்கள் மருந்தைப் பாட்டாகவே வைத்துச் சென்றனர். பாட்டில் உள்ள பெயருக்கும் காட்டில் உள்ள செடிக்கும் இடையிலான தொடர்பு அறுமாயின், வைத்தியன் மருந்தை இழப்பான், புலவன் பொருளை இழப்பான். கோயிற்காடுகள் இன்னும் எஞ்சியுள்ள இப்புதுக்கோட்டைச் சீமையில், ஊர்தோறும் வழங்கும் பச்சிலைப் பெயர்களை முதியோர் வாய்மொழியினின்று தொகுத்து வைப்பது தமிழ்ப் பணியே. பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு ஏற்கத்தக்க கடமை இதனினும் வேறில்லை.