அளவு பொருந்திய கதவுகள்

1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்கள் இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்டனர். அக்காலத்தில் எழுந்த கட்டடங்களே ஜார்ஜியப் பாணிக் கட்டடங்கள் எனப்படுகின்றன. நடுவே தூண்கள் தாங்கும் முகப்பு, இருபுறமும் ஒத்த சாளரங்கள், பண்டைய ரோமானியக் கட்டடக் கலையைத் தழுவிய அளவு விகிதங்கள் ஆகியன இப்பாணியின் இயல்புகள்.

பெர்க்சயரில் தேம்ஸ் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் பாசில்டன் பார்க் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரான்சிஸ் சைக்ஸ் என்பவருக்காக ஜான் கார் என்னும் கட்டடக் கலைஞர் 1776-இல் இதனைக் கட்டத் தொடங்கினார். சைக்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலராக வங்காளத்தில் பெரும்பொருள் திரட்டியவர். அங்கிருந்து சென்ற செல்வமே இங்குக் கல்லாகவும் சுதையாகவும் மாறியது.

1910-க்குப் பின் மாளிகை பெரும்பாலும் பாழாய்க் கிடந்தது. உள்ளலங்காரங்கள் பல பெயர்த்து விற்கப்பட்டன. அவற்றுட் சில, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலைச் சேர்ந்தன! இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் இங்குத் தங்கினர். போருக்குப் பின், வரிச்சுமையும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் இத்தகைய மாளிகைகள் பல இடிக்கப்பட்டன. 1950-களின் தொடக்கத்தில் அயிலிஃப் பிரபுவும் அவர் மனைவியும் வாங்கியதால் பாசில்டன் தப்பியது.

காணாமற்போன கதவுகளுக்கு எங்கே போவது? லிங்கன்சயரில் பான்டன் ஹால் என்னும் மாளிகை அழிவை எதிர்நோக்கி நின்றது. அதிலும் கார் பணியாற்றியிருந்தார். அங்கிருந்து கொணர்ந்த மகாகனி மரக் கதவுகள் பாசில்டனின் வாயில்களில் அப்படியே பொருந்தின. ஒரே கலைஞர் ஒரே அளவு முறையைக் கையாண்டதன் பயன் இது. ஒரு மாளிகையின் அழிவு மற்றொன்றின் வாழ்வுக்கு உதவிற்று எனலாம்.

அளவு மட்டும் பொருந்தினால் போதுமா? பொருளின் இயல்பும் பொருந்த வேண்டும். பழைய கற்சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புச் சாந்தின் நுண்துளைகள் வழியே வெளிவிடுகின்றன. அங்கே சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லிலேயே தங்கிவிடும். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும் என்பதை நாம் அறிவோம். எனவே, குளிர்காலத்தில் ஈரக்கல் செதில் செதிலாக உதிரும். இக்காரணம்பற்றியே பழங்கட்டடங்களைச் செப்பனிடுவோர் சுண்ணாம்பையே நாடுகின்றனர்.

அயிலிஃப் தம்பதியர் பழமையை மீட்டதோடு அமையவில்லை. தாம் வாழ்வதற்கேற்ற 1950-களின் புதுமுறைச் சமையலறையையும் அமைத்தனர். 1978-இல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. இன்று மக்கள் சென்று காணலாம். காரின் கைத்திறனை வியப்போர், அதற்குப் பொருள் வந்த வழியையும் அறிந்துகொண்டால்தான் அம்மாளிகையின் வரலாறு முழுமை பெறும்.