மெதுவாகப் பறந்து ஜெயித்த பீவர்

போன மாதம் மகன் வீட்டுக்குக் கனடா போயிருந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். படங்கள் போட்டிருந்தேன். அதில் தண்ணீரில் மிதக்கும் ஒரு குட்டி விமானத்தின் முன் நான் நிற்கும் படத்தைப் பார்த்து, "சார், இது என்ன விமானம்?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் பீவர். மரத்தைக் கடித்துச் சாய்த்து ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டுமே, அந்த விலங்கின் பெயர். டி ஹாவிலண்ட் கனடா என்ற நிறுவனம் டொராண்டோவின் டவுன்ஸ்வியூவில் செய்தது.

இரண்டாம் உலகப்போர் 1945-ல் முடிந்தது. அதுவரை போர் விமானம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு வேலை இல்லை. இனி என்ன செய்வது? கனடாவின் வடபகுதியில் ரோடு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் காடும் ஏரியும் பனியும்தான். சுரங்கக்காரர்களுக்கு அரிசி பருப்பு போலச் சாமான் கொண்டுபோகவும், நோயாளியை ஏற்றிவரவும், காட்டுத் தீயைக் கண்காணிக்கவும் விமானம்தான் வழி.

இங்கேதான் அந்த நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. வரைபடம் போடுவதற்கு முன்னால், காட்டில் விமானம் ஓட்டுகிறவர்களிடமே போய், "உங்களுக்கு எப்படிப்பட்ட விமானம் வேண்டும்?" என்று கேட்டது. கேட்டு வாங்கியவர் பஞ்ச் டிக்கின்ஸ். அவரே வடபகுதியில் விமானம் ஓட்டிப் பேர் எடுத்தவர்.

அவர்கள் வேகமும் கேட்கவில்லை, அழகும் கேட்கவில்லை. குறைந்த தூரத்தில் ஏற வேண்டும், குறைந்த தூரத்தில் இறங்க வேண்டும். உடம்பு முழுக்க உலோகமாக இருக்க வேண்டும். சக்கரமோ, பனிச்சறுக்குக் கட்டையோ, மிதவையோ எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள வேண்டும். 200 லிட்டர் பீப்பாயை உருட்டி ஏற்றுகிற அளவுக்குக் கதவு அகலமாக வேண்டும். அந்தக் கதவும் இரண்டு பக்கமும் வேண்டும், ஏரியில் எந்தப் பக்கம் கரை கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இத்தனையும் வைத்தால் விமானம் மெதுவாகத்தானே போகும் என்று பொறியாளர்கள் கவலைப்பட்டார்களாம். அதற்கு ஒரு விமானி, நாய் இழுக்கும் பனிவண்டியை முந்தினாலே போதும் என்றாராம்.

1947 ஆகஸ்ட் 16 அன்று முதல் பீவர் பறந்தது. ஓட்டியவர் போரில் பேர் வாங்கிய ரஸ் பேனக். எஞ்சின் 450 குதிரைத்திறன். முதலில் அதைவிடச் சிறிய எஞ்சினைத்தான் நினைத்திருந்தார்கள். போரில் மிஞ்சிய நல்ல எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்ததால் பெரிதையே போட்டார்கள். அதுவே அதன் பலமானது.

உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் வாய் விமானியின் அருகிலேயே இருக்கிறது, பறந்துகொண்டே ஊற்றலாம். பெட்ரோல் தொட்டிகள் இறக்கையில் இல்லை, வயிற்றுக்கு அடியில். ஏணி இல்லாமல் நின்றபடி நிரப்பலாம். இறக்கையின் பின்பக்க மடிப்பை இறக்க, விமானி ஒரு நெம்புகோலைப் பிடித்து மேலும் கீழும் அடித்தார். எனக்கு நம் பள்ளிக்கூடத்து அடிபம்புதான் ஞாபகம் வந்தது!

மெதுவாகப் பறப்பதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். ஏழாம் வகுப்பு அறிவியல்தான். இறக்கைமேல் காற்று போதுமான வேகத்தில் ஓடினால்தான் விமானம் மிதக்கும். அந்தக் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே வந்தால் விழும். பீவர் போன்றவற்றுக்கு அந்த எல்லை மிகக் குறைவு. இறங்கும் வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. மெதுவாக இறங்க முடிந்தவனுக்குச் சின்ன ஏரியும் போதும், ஆற்றுமணலும் போதும். எஞ்சின் நின்றுபோனாலும், எங்கே இறங்கலாம் என்று யோசிக்க அவகாசம் உண்டு. அதற்காக விபத்தே இல்லை என்று எண்ணாதீர்கள். அதிகச் சுமை ஏற்றி, வேகத்தை விட்டுவிட்டுத் திரும்பினால் இதுவும் விழும், விழுந்திருக்கிறது.

இன்னொரு அதிசயம். பீவர் பறந்த 15-ஆம் நாள், ஆகஸ்ட் 31 அன்று, சோவியத் நாட்டில் அன்டோனோவ் An-2 பறந்தது. அதுவும் உழவுக்கும் காட்டுக்கும் செய்த, இரட்டை இறக்கை கொண்ட, முரட்டு விமானம். 18,000-க்கும் மேல் செய்தார்கள். அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு நாடுகள், ரோடு இல்லாத ஊருக்கு என்ன வேண்டும் என்பதில் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன.

பீவர் 1967 வரை 1,600-க்கும் மேல் தயாரானது. அமெரிக்க இராணுவம் மட்டும் 900-க்கும் மேல் வாங்கியது. எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1958 ஜனவரியில் டிராக்டரில் தென்துருவம் சேர்ந்தாரே, வழியில் அவருக்குச் சாமான் கொண்டுபோய் வைத்தது ஒரு பீவர். அதன் அண்ணன் போன்ற ஆட்டர் விமானம் நம் இந்திய விமானப்படையிலும் இருந்தது. 2019 டிசம்பர் 10 அன்று, 60 வயது தாண்டிய ஒரு பீவரில் மின்மோட்டார் பொருத்தி வான்கூவர் அருகே பறக்கவிட்டார்கள். உடம்பு பழசு, எஞ்சின் புதுசு!

விமானியிடம், "இதைவிட வேகமான விமானங்கள் இருக்கின்றனவே, ஏன் இதையே ஓட்டுகிறீர்கள்?" என்று மகனைவிட்டுக் கேட்டேன். "இது என்னை அவசரப்படுத்தாது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். பெயர் சொல்ல மாட்டேன். கணக்கை முடிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுப்பான். மணி அடித்ததும் தாளைப் பிடுங்கியிருக்கிறேன். "ஆமை" என்று பெயர் வைத்தது நான்தான். வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. ஏன் நேரமாகிறது என்று அவனிடம் ஒருநாள்கூட நான் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தான். பேச்சுவாக்கில் அவனே சொன்னான். "அப்பா கடையில கணக்கு தப்பினா கைக்காசு போகும் சார். அதனால எதையும் ரெண்டு தடவை போட்டுப் பார்ப்பேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விமானம் செய்கிறவர்கள் ஓட்டுகிறவர்களைக் கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திய நான், பிள்ளையைக் கேட்கவில்லை. தம்பி, நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயருக்காக என்னை மன்னித்துக்கொள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் எத்தனையோ பேர். நாளைக்கு வகுப்பில் கடைசியாகத் தாள் கொடுக்கும் பிள்ளையிடம், "ஏன் கண்ணு, எந்த இடத்துல நேரமாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னது என்று எனக்கும் எழுதுங்கள்.

வாழ்க நலமுடன்.