இன்டிஃபரன்சி

இன்டிஃபரன்சி என்பது நடுவுநிலைமை, பக்கச்சார்பின்மை ஆகியவற்றைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். இன்று வழக்கில் அரிது. இதன் உறவுச் சொற்களான இன்டிஃபரன்ட், இன்டிஃபரன்ஸ் ஆகியவை இப்போது பெரும்பாலும் அக்கறையின்மையையே குறிக்கின்றன. ஆகவே பழைய ஆங்கில நூல்களில் இச்சொற்களைக் காண்போர் பொருளை நேர்மாறாகப் புரிந்துகொள்ள நேரிடுகிறது.

சொற்பிறப்பு

'வேறுபாடு இல்லாத' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. இரு தரப்பினரிடையே வேறுபாடு பாராட்டாதவரே இன்டிஃபரன்ட் எனப்பட்டார். நீதிபதிக்கு அது புகழ்மொழி. இங்கிலாந்து திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூலில், ஆட்சியாளர்கள் பாரபட்சமின்றி நீதி வழங்க வேண்டும் என்னும் வேண்டுதலில் இச்சொல்லின் வினையடை வடிவமே உள்ளது. அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையின் மன்றாட்டு நூலில் அவ்விடத்தில் 'இம்பார்ஷியலி' என்ற சொல் இடப்பட்டது.

லாக்கின் விளக்கம்

ஜான் லாக் எழுதி, அவர் இறந்தபின் 1706இல் வெளிவந்த அறிவை நடத்தும் முறை பற்றிய நூலில் இன்டிஃபரன்சி ஒரு முக்கியக் கருத்து. இரண்டு கருத்துகளில் இதுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே விரும்பாமல், சான்று காட்டும் பக்கம் செல்வதே சரியான மனநிலை என்றார் அவர். ஆனால் உண்மை கிடைத்தாலும் பொய் கிடைத்தாலும் ஒன்றே என்றிருப்பது பிழைக்கு இட்டுச்செல்லும் வழி என்றும் எச்சரித்தார். ஒரே சொல்லின் இரு பொருள்களையும் அவர் இவ்வாறு பிரித்துக் காட்டினார். முதலாவது நடுவுநிலைமை, இரண்டாவது அசட்டை.

நீதிமன்றத்தில்

பழைய பொருள் சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜூரி உறுப்பினர் இரு தரப்புக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல, ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்டு கோக் 17ஆம் நூற்றாண்டில் இன்டிஃபரன்ட் என்ற சொல்லையே கையாண்டார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1961இல் இர்வின் எதிர் டௌட் வழக்கில் இச்சொல்லை எடுத்தாண்டது. இந்தியானா மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக லெஸ்லி இர்வினுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அவர் ஆறு கொலைகளை ஒப்புக்கொண்டதாக விசாரணைக்கு முன்பே செய்திகள் பரவியிருந்தன. ஜூரிக்கு அழைக்கப்பட்ட 430 பேரில் 268 பேர், அவர் குற்றவாளி என்று உறுதியான முடிவு கொண்டிருந்ததால் விலக்கப்பட்டனர். தேர்வான 12 பேரிலும் 8 பேர் அவரைக் குற்றவாளியாகவே எண்ணினர். இருந்தும் நடுநிலையோடு தீர்ப்பளிப்போம் என்றனர். அந்த உறுதிமொழி போதாது என்று கூறி உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. மறுவிசாரணையிலும் இர்வின் குற்றவாளியெனவே தீர்க்கப்பட்டார். ஆனால் இம்முறை கிடைத்தது ஆயுள் தண்டனை.

தமிழில்

மொழிபெயர்ப்பவர் இடமறிந்து சொல்லைத் தேர்வது அவசியம். சட்ட நூல்களிலும் பழைய உரைநடையிலும் 'நடுவுநிலைமை' பொருந்தும். இக்கால எழுத்தில் பெரும்பாலும் 'அக்கறையின்மை' பொருந்தும். கோக் வேண்டிய ஜூரி உறுப்பினரை 'அக்கறையற்றவர்' என்று பெயர்த்தால், வழக்கைக் கவனிக்காதவரே நல்ல ஜூரி என்று பொருள்பட்டுவிடும். அவர் கேட்டது முழுக் கவனத்தோடு கேட்டு, எப்பக்கமும் சாயாதிருப்பவரை.